தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதுமா?

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கம் குடியிருப்போர் சங்கம் புதிதாகத் தொடங்கினாலும், முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து "ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுடலாம் சார்" என்பார். யாரும் மறுக்க மாட்டார்கள். அன்று இரவே குழு தயாராகிவிடும். கொஞ்ச நாளில் பாதிப் பேர் அதை மியூட்டில் போட்டிருப்பார்கள். அப்புறம் தண்ணீர் வராத ஒரு நாளில், "எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று செயலாளருக்குப் போன் வரும். குழுவில் போட்டேனே என்பார் அவர். போட்டதும் உண்மை, பார்க்காததும் உண்மை.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து, குழுவுக்கு விதிமுறை எழுதுவது. ஃபார்வர்டு போடாதீர்கள், அரசியல் பேசாதீர்கள், மரியாதையாக எழுதுங்கள் என்று பத்து வரி. ஒரு வாரம் வேலை செய்யும். தண்ணீர் வரும் நேரம், சந்தா பாக்கி, காலை வணக்கப் படம், பக்கத்து வீட்டு நாய் மீதான புகார் என நாலு வகைப் பேச்சையும் ஒரே இடத்தில் கொட்டினால் எத்தனை விதி எழுதினாலும் நிற்காது. எந்தச் செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே குறையும். இதுதான் என் கட்சி. அதற்காகத்தான் கைவசம் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில், தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சிஎம்சி மருத்துவமனை, இன்று ஊரின் கடிகாரத்தையே மாற்றி வைத்திருக்கிறது. நைட் டூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கும் நர்ஸ் பக்கத்து வீட்டில் இருப்பார். எதிர் வீட்டில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடித்து ராணிப்பேட்டைக்குத் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் இருப்பார். மாடியில் விஐடி பல்கலைக்கழக மாணவர்கள். இரண்டு வீடு தள்ளி, சிகிச்சைக்காகக் கொல்கத்தா பக்கமிருந்து வந்து சில மாதம் தங்கியிருக்கும் குடும்பம். வீட்டில் உருது பேசும் பாய், தெலுங்கு பேசும் அம்மா, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டி, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு துபாயில் இருக்கும் உரிமையாளர். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரிச் செய்தி அனுப்பினால் யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தொந்தரவுபடுவார்.

அதனால் நான் எந்த வழியையும் இரண்டே கேள்வியில் நிறுத்துப் பார்ப்பேன். இது யாருடைய நேரத்தைப் பிடுங்குகிறது? தேவைப்படும்போது தேடினால் கிடைக்குமா?

எல்லோரும் எழுதலாம் என்ற திறந்த குழுவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. "வீட்டுக்குள்ள பாம்பு வந்திருச்சு, பிடிக்கிறவர் நம்பர் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் இரண்டு நிமிடத்தில் நாலு பதில் வரும். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, பிளம்பர் வேண்டும் என்பதற்கெல்லாம் இதைவிட வேகமான வழி கிடையாது. 2021 நவம்பர் கடைசியில் நில அதிர்வு வந்தது போன்ற ஒரு அதிகாலையில், "உங்களுக்கும் ஆடுச்சா?" என்று கேட்கவாவது ஓர் இடம் வேண்டுமே. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் இட நெருக்கடியும் இல்லை.

ஆனால் அந்தப் பலமேதான் பலவீனமும். நாற்பது பேர் பேசும் இடத்தில் தண்ணீர் நேரம் எங்கே தெரியப் போகிறது? அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. குழுவில் சேர்த்த நொடியே ஒருவருடைய கைபேசி எண் மற்ற எல்லோர் கண்ணிலும் படுகிறது. தனியாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் தன் எண்ணைச் செயலாளரிடம் கொடுத்தது சந்தா விஷயத்துக்காக. தெரு முழுக்கக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. மறுநாளே முகம் தெரியாத ஓர் எண்ணிலிருந்து "ஹாய்" வந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? குழுவில் "வணக்கம்", "நன்றி" என்று எத்தனை மரியாதையாக எழுதினாலும், கேட்காமல் சேர்த்ததே மரியாதைக் குறைவுதான். அழைப்பு இணைப்பை அனுப்பி, விருப்பமுள்ளவர்கள் தாங்களே சேரட்டும் என்று விடுவது குறைந்தபட்ச நாகரிகம்.

இன்னொரு சிக்கல், நீல டிக். தனி அரட்டையில் அதை அணைத்து வைக்கலாம், குழுவில் முடியாது. தான் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பட்டியலே வரும். இதை எடுத்து வைத்துக்கொண்டு "பார்த்துட்டு பேசாம இருக்கீங்க" என்று கேட்கும் பொருளாளர்கள் இருக்கிறார்கள். படித்தவருக்கெல்லாம் பதில் சொல்லும் கடமை இருக்கிறது என்று யார் சொன்னது?

அடுத்த வழி, அட்மின் மட்டுமே எழுதக்கூடிய குழு. வாட்ஸ்அப்பில் இந்த வசதி 2018லேயே வந்துவிட்டது. ஆனாலும் நம் சங்கங்கள் பலவும் இதை ஏதோ சர்வாதிகாரம் போலப் பார்க்கின்றன. "எங்களைப் பேசவே விட மாட்டீங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. சங்கம் என்பது செயலாளர் ஒலிபரப்பும் வானொலி நிலையம் இல்லை. அறிவிப்பை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பேச இன்னோர் இடத்தைத் திறந்து வைத்தால் இந்தப் புகார் எழாது. 2022 இறுதியில் வந்த கம்யூனிட்டி வசதி இதற்குப் பொருத்தம். அதில் அறிவிப்புக்குத் தனி இடம் இருக்கும், அதன் கீழே பேச்சுக்கு, பூங்காவுக்கு, பிள்ளையார் கோயில் விழாவுக்கு என்று சிறு குழுக்கள் இருக்கலாம். விரும்பியவர் விரும்பியதில் சேரலாம். அறிவிப்பை மட்டும் படிக்கிறவரின் எண் அட்மினுக்குத் தெரியுமே தவிர, மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன பெண்ணின் பிரச்சினை இதில் பெருமளவு தீர்கிறது. பெரிய தெருவுக்கு என் தேர்வு இதுதான்.

பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, மறந்துவிடக் கூடாது. ஒரு பட்டியலில் 256 பேர். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி போலவே போய்ச் சேரும், பதிலும் தனியாகவே வரும். சின்னத் தெருவுக்கு மிக அழகான வழி. ஒரே ஒரு இடறல்: அனுப்புகிறவரின் எண்ணைத் தன் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போகும். பெரியவர்கள் எண்ணைப் பதிவதில்லை, கூப்பிட்டவர் பட்டியலில் தேடியே பேசுவார்கள். அதனால் யாருக்கு அவசியமோ அவர்களுக்கே போகாமல் நின்றுவிடும்.

எந்தக் குழுவானாலும் அறிவிப்பை எழுதும் விதம் முக்கியம். "நாளை பவர் கட்!!!" என்ற செய்தியை ஒருவர் மறுநாள் காலையில் திறந்தால் எந்த நாளை என்று குழம்புவார். ஆச்சரியக்குறிகள் அவசரத்தைக் காட்டுகின்றனவே தவிர, தகவல் ஒன்றும் தரவில்லை. "செவ்வாய், 12ஆம் தேதி, காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் இருக்காது. காலை 8 மணிக்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்ளவும்" என்றால் போதும். என்ன, எப்போது, நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டன. நேரம் மாறினால் பழைய செய்தியைத் திருத்தி வைக்கக் கூடாது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும் என்பது சரிதான், ஆனால் முன்பே படித்தவருக்குத் திருத்தியது தெரியாது. "நேரம் மாற்றம்" என்று புதிதாக ஒன்று போடுவதே முறை.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது இளைஞர்களுக்குச் சுலபம். ஓய்வு பெற்ற தமிழாசிரியரால் படிக்க முடியும், ஆனால் எரிச்சலோடு படிப்பார். பாட்டியால் படிக்கவே முடியாது. விசைப்பலகை பழகவில்லை என்றால் மைக்கை அழுத்திப் பேசினாலே தமிழில் எழுத்தாகிவிடும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். சாதா போன் வைத்திருப்பவருக்கும், நெட் பேக் முடிந்தவருக்கும் அது இன்றும் போய்ச் சேருகிறது. ஆனால் தமிழுக்கு அது கஞ்சன். ஆங்கில எழுத்தில் 160 இடம் தரும் எஸ்எம்எஸ், தமிழில் 70 தான் தரும். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடமாகக் கணக்காகும். "நாளை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காது." இந்த ஒரு வாக்கியமே 59 இடத்தைத் தின்றுவிடுகிறது. நீண்ட அறிவிப்புக்கு இது ஆகாது. பாலாற்றில் 2021 நவம்பரில் வந்தது போல வெள்ளம் வந்து, ஆளுக்கொரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், உறுதியான ஒரே ஒரு வரியை எல்லோருக்கும் அனுப்ப இதைக் கையில் வைத்திருக்கலாம்.

டெலிகிராம், வசதியில் வாட்ஸ்அப்பைத் தாண்டியது. எண்ணை மறைக்கலாம், புதிதாகச் சேர்ந்தவரும் பழைய செய்திகளைப் படிக்க வழியுண்டு, சத்தமில்லாமல் அனுப்பலாம், நேரம் குறித்தும் அனுப்பலாம். நைட் டூட்டி நர்ஸுக்கு இதைவிட இதமான ஏற்பாடு இல்லை. ஆனால் தெருவில் பாதிப் பேரிடம் அது கிடையாது, இருப்பவர்களும் அதைப் படம் இறக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத மண்டபத்தில் மைக் நன்றாக இருந்து என்ன பயன்? மைகேட் போன்ற செயலிகள் வாயில் காவலர் உள்ள அடுக்குமாடிக்கு. தனித்தனி வீடுகள் உள்ள தெருவுக்குத் தேவையில்லை.

மின்னஞ்சல், தெருவுக்குள் பேச அல்ல. வருடாந்திரக் கணக்கு, பொதுக்குழுத் தீர்மானம், துபாய் உரிமையாளருக்கு அனுப்பும் ரசீது ஆகியவற்றுக்கு அது நல்ல இடம், ஐந்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். பலருக்கு ஒன்றாக அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் (BCC) கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் எண்ணை ஊருக்குக் காட்டிய அதே தவறு வேறு வடிவில் நடக்கும். மாநகராட்சிக்கோ ஆட்சியருக்கோ மனு என்றால் என் கருத்து வேறு. மின்னஞ்சல் ஒரு நகல்தான். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய், காகிதத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. (ஆற்காடு, மேல்விஷாரம் பக்கத்து உறவினர்கள் இதைப் படித்துவிட்டு வேலூருக்குக் கிளம்ப வேண்டாம். 2019ல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்களுக்கு ராணிப்பேட்டை.) மின்தடைப் புகாருக்கோ மின்னஞ்சலும் வேண்டாம், குழுவும் வேண்டாம். 2021ல் தொடங்கிய மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் ஒரு அழைப்பு போதும். குழுவில் இருபது பேர் "இங்கயும் இல்ல" என்று எழுதினால் கரண்ட் வராது.

இனி, போனா, குரல் செய்தியா, எழுத்தா? இதில்தான் வீட்டுக்கு வீடு கருத்து மாறுகிறது. பெரியவர்களுக்குப் போன்தான் மரியாதை. முக்கியமான விஷயத்தை எழுத்தில் அனுப்பினால் "ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்பார்கள். இருபது வயதுக்காரருக்கு முன்னறிவிப்பில்லாத அழைப்பே அதிர்ச்சி. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுப்பார். இருவரும் அவரவர் அளவில் சரிதான். இடைவழி ஒன்று இருக்கிறது. "சார், பொதுக்குழு விஷயமா அஞ்சு நிமிஷம் பேசணும். எப்போ கூப்பிடலாம்?" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கூப்பிடுவது. பெரியவருக்கு அழைப்பும் கிடைக்கிறது, இளையவருக்கு எச்சரிக்கையும் கிடைக்கிறது. வேலூரில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரை வெயிலூர் என்று கிண்டல் செய்வது சும்மா இல்லை. சித்திரை, வைகாசியில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை, அவசரம் என்றால் ஒழிய, யாரையும் கூப்பிடாமல் இருப்பதே நல்லது.

குரல் செய்தியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். எழுதத் தெரியாத பாட்டி தன் பேரனுக்குப் பேசி அனுப்புவதைப் போல நல்ல விஷயம் வேறில்லை. அவருக்கு அது வரம். ஆனால் எழுதத் தெரிந்த செயலாளர் நாலு நிமிடம் பேசி அனுப்பினால், தன் ஒரு நிமிட வேலையை மிச்சம் பிடித்து நூறு பேரின் நாலு நாலு நிமிடத்தை எடுத்துக்கொள்கிறார் என்றே அர்த்தம். வார்டில் இருக்கும் நர்ஸ் அதைக் கேட்க முடியாது. பஸ்ஸில் இருப்பவர் ஊருக்கே கேட்கும்படி போடுவார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த கொல்கத்தாக் குடும்பத்துக்கு வேகமான பேச்சு புரியாது, எழுத்து என்றால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது பார்ப்பார்கள். பிறகு தேடவும் முடியாது. எனவே படிக்க முடியாத ஒருவருக்குத் தனியாக அனுப்பவே குரல் செய்தி. குழுவுக்கு எழுத்துதான்.

சந்தா பாக்கிக்கு வருவோம். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கட்டாதவர் பட்டியலைக் குழுவில் போடுவது முதலாவது. பணம் வேகமாக வரும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் பெயர் வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். கட்டியவர் பட்டியலை மட்டும் போடுவது இரண்டாவது. இதை நாசூக்கு என்று நினைக்கிறோம். விடுபட்ட வீட்டு எண்களைக் கழித்துப் பார்க்க யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆகவே இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது, குழுவில் மொத்த வரவு செலவை மட்டும் போட்டுவிட்டு, பாக்கிக்காரருக்குத் தனிச் செய்தி அனுப்புவது. அதிலும் "இன்னும் நீங்கள் சந்தா செலுத்தவில்லை" என்று தொடங்கினால் வட்டிக்கடை நோட்டீஸ் போல இருக்கும். "வணக்கம் சார். ஏப்ரல், மே சந்தா ரூ.400 எங்கள் கணக்கில் வரவாகக் காணவில்லை. கட்டியிருந்தால் ரசீது எண் அனுப்புங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன். சிரமம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்." இதில் கணக்கில் பிழை நம் பக்கமும் இருக்கலாம் என்ற இடம் இருக்கிறது. இரண்டு முறை அனுப்பியும் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை எழுத வேண்டாம். போன் செய்யுங்கள், இல்லை நேரில் போங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும், அதை அவர் எழுத்தில் சொல்ல மாட்டார்.

வண்டி நிறுத்தும் தகராறுக்கும் இதே வழிதான். கேட்டை மறித்து நிற்கும் காரை நம்பர் பிளேட்டோடு படம் பிடித்துக் குழுவில் போடும் பழக்கம் பரவிவிட்டது. காரின் சொந்தக்காரர் பத்தடி தூரத்தில்தான் இருப்பார். கதவைத் தட்டினால் "ஐயோ சாரிண்ணா" என்று சாவியோடு ஓடி வருகிறவர், குழுவில் படம் வந்தால் வக்கீல் போலப் பேசுவார். பத்துப் பேர் முன்னால் யாரும் பணிந்து போக விரும்புவதில்லை.

துக்கச் செய்தியைக் குழுவில் போடுவதற்கு முன் குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. நெருங்கியவர்களுக்குப் போன்தான். மற்றவர்களுக்கு அறிவிப்புக் குழுவில் பெயர், இறுதிச் சடங்கு நேரம், இடம் மட்டும். திறந்த குழுவாக இருந்தால் "ஆழ்ந்த இரங்கல்" என்று அறுபது பேர் ஒட்டிய செய்திகளுக்கு அடியில் எடுக்கும் நேரம் புதைந்துவிடும். அந்தச் செய்தியின் மேலேயே கைகூப்பும் எமோஜியை வைப்பது தப்பா என்று சிலர் கேட்கிறார்கள். குழுவுக்கு அது போதும் என்பேன். குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்.

கடைசியாக, அட்மின் யார்? கூப்பிட்டால் யாரும் முன்வர மாட்டார்கள். எவனோ எதையோ போட்டால் அட்மினைத்தான் போலீஸ் பிடிக்கும் என்று ஒரு பயம். உறுப்பினர் போட்ட தவறான பதிவுக்காக அட்மின் மீது மறைமுகப் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். மற்றவர் போட்டதையும் எல்லோருக்கும் நீக்கும் அதிகாரம் அட்மினுக்கு உண்டு. இரண்டு அட்மினாவது வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சில புகார்களை ஆண் செயலாளரிடம் சொல்லத் தயங்குவார்கள். குழுவைச் செயலாளரின் சொந்த எண்ணில் தொடங்காமல், சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி அதில் தொடங்குங்கள். நள்ளிரவில் அவர் வீட்டு போன் அடிப்பது குறையும். செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகம், ரசீதுக் கட்டு, முத்திரையோடு அந்த சிம்மையும் அதன் ரகசிய எண்ணையும் (PIN) அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.